சுவர் கூசுகிறது என்றாய்

மீசை முளைத்த பிறகு இதைப் படிக்கப்போகும் என் சாமிக்கு,

இப்போது உனக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. உன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் கண்டுபிடித்து வைத்திருக்கிறாய். செய்தித்தாளில் அது வரும் இடத்திலெல்லாம் விரலை வைத்து "இது நானு, இதுவும் நானு" என்கிறாய். ஆகையால் இந்தக் கடிதம் இந்தக் கட்டிலில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவனுக்கு இல்லை. அவன் ஆகப்போகிற ஆளுக்கு. அந்த ஆளை எனக்குத் தெரியாது. ஆனாலும் இன்றைக்கு அவனோடு பேசத்தான் எனக்கு வருகிறது, வேறு யாரோடும் பேச முடியவில்லை. உன் அப்பா கூடலூருக்கு அப்பால் தேவாலாவில், மழைக்குள், ஒரு தகரக் கூரையின் மேல் இருக்கிறார். "மேல ஏறப்போறேன், எறங்குனதும் கூப்பிடறேன்" என்று காலையில் போனில் சொன்னவர்தான். நீ மத்தியானம் சாப்பிட்டாய், விளையாடினாய், ராத்திரியும் சாப்பிட்டுத் தூங்கியும் போய்விட்டாய். போன் அடிக்கவில்லை. நான் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொல்கிறது. அவரைப் போக வைத்தது நான்தான். சும்மா உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பெற்றவர்கள் பிள்ளைகளுக்கு எழுதும் கடிதங்களில் பயப்படாதே, தைரியமாக இரு என்றுதான் இருக்கும். நானும் அப்படித்தான் தொடங்கலாம் என்று நினைத்தேன். மனசு வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அதன் பிறகு நீயே முடிவு செய்துகொள். உன்னைப்போல வேறு யாராவது இதைப் படித்தாலும் படிக்கட்டும். வீட்டுக் கூரையில் சோலார் மாட்டப் போகிறவர்கள் படித்தால் இன்னும் நல்லது.

நீ பிறந்த வருஷம் கட்டபெட்டு தேயிலை ஃபாக்டரி முழுவீச்சில் ஓடிக்கொண்டிருந்தது. உங்கப்பா அங்கே ஃபிட்டர். பச்சை இலையை வாட்டும் பெரிய ஃபேன்கள் அவர் பொறுப்பு. அந்த ஃபேன் சத்தம் நம் வீடு வரைக்கும் கேட்கும். அதைக் கேட்டுத்தான் நீ தூங்கிப் பழகினாய். பிறகு இலை விலை விழுந்தது. எதிர்வீட்டு லட்சுமியக்காவின் தோட்டத்தில் பறிக்கிற கூலிக்கே இலை கட்டவில்லை. அவர் பறிப்பதை நிறுத்தினார், இடுப்பளவு இருந்த தேயிலை ஆள் உயரத்துக்கு மேலே போய் மரமாகிவிட்டது. "எங்க தோட்டத்துல இப்ப நிழலுக்குப் படுத்துக்கலாம், வா" என்பார் சிரித்துக்கொண்டே. அவர் அப்படிச் சிரிக்கும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. ஃபாக்டரி வாரத்தில் பாதி நாள் ஓடியது, பிறகு சும்மா கிடந்தது. சத்தம் நின்ற ராத்திரி நீ தூங்கவே இல்லை, சிணுங்கிக்கொண்டே இருந்தாய். உன்னைத் தோளில் போட்டு நடந்துகொண்டே உங்கப்பா வாயால் ஃபேன் மாதிரி ஊதிக் காட்டினார். அப்போதுதான் நீ அடங்கினாய்.

அந்தச் சமயத்தில்தான் கதிரேசன் அண்ணன் வந்தார். மேட்டுப்பாளையத்துக்காரர், சோலார் மாட்டித் தரும் ஒப்பந்தக்காரர். கீழே நிறைய மொட்டைமாடிகளில் மாட்டியவர், மலைக்குப் புதுசு. ஃபிட்டர் வேலை தெரிந்த ஆள் வேண்டும் என்று உங்கப்பாவைச் சேர்த்துக்கொண்டார். இந்தப் பக்கத்து ஆட்கள் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள் என்று, முதலில் நம் வீட்டுக் கூரையிலேயே மாட்டலாம் என்றார். எனக்கு அன்றைக்கே பயம். நம் வீடு ஓடும் இல்லை, கான்கிரீட்டும் இல்லை. மேடும் பள்ளமுமாக நெளிந்த தகரம், அதன் கீழே மரச் சட்டம், அதற்கும் கீழே பலகை மச்சு. அந்தத் தகரத்தில் இவர்கள் துளை போடுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"ஏனுங்ணா, நல்லா இருக்கிற கூரையில இத்தனை ஓட்டை போடறீங்களே?"

"ஓட்டை போடாம மாட்டறதுக்கு பேனல் என்ன ஸ்டிக்கர் பொட்டா தங்கச்சி, நெத்தியில ஒட்டற மாதிரி ஒட்டறதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். உங்கப்பாவும்தான். பேனல் நிற்க இரும்புக் கால்கள் வேண்டும். கால்களைத் தகரத்தோடு சேர்த்துக் கீழே மரச்சட்டம் வரை போல்ட் போட்டு முடுக்க வேண்டும். அந்தக் கால் தகரத்தின் மேட்டில் வைத்தால் ஆடுகிறது, பள்ளத்தில் வைத்தால் அசையாமல் உட்காருகிறது. அதனால் பள்ளத்தில் வைத்தார்கள். கூரையில் விழும் தண்ணீர் ஓடுவதும் அந்தப் பள்ளத்தில்தான். "தண்ணி போற வழியிலயேவா ஓட்டை?" என்றேன். கதிரேசன் அண்ணன் வெள்ளைப் பசைக் குழாயை ஆட்டிக் காட்டினார். "இது காஞ்சுதுன்னா கடலே வந்தாலும் உள்ள எறங்காது." தை மாதக் காலை அது. தகரம் பூராவும் பனி ஈரம். மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும், அதற்குள் முடிக்க வேண்டும் என்று அவசரம். ஒரு துணியால் இழுத்துத் துடைத்துவிட்டுப் பசையைப் பிதுக்கினார்கள். ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் வெள்ளையாக, அழகாக, வடை மாதிரி உட்கார்ந்தது. எனக்கே பார்க்கப் பிடித்திருந்தது. சாயங்காலம் பேனல் கரண்ட் வந்து சேர்கிற பெட்டியை உன் கட்டிலுக்கு மேலே சுவரில் மாட்டியிருந்தார்கள், அதில் பச்சை விளக்கு எரிந்தது. நீ கட்டிலில் ஏறி நின்று அதற்கு முத்தம் கொடுத்தாய்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், நீ வேறு ஊரில் வளர்ந்திருந்தால் உனக்கு இது தெரியாமல் போகலாம். நம் மலையில் தகரக் கூரை வேர்க்கும். குளிர்காலத்தில் ராத்திரி தகரம் ஐஸாகிவிடும். வீட்டுக்குள் அடுப்பும் மூச்சும் சேர்ந்த சூடு மேலே போய் அதில் பட்டு, உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக நிற்கும். வெயில் வந்ததும் சொட்டும். இங்கே யார் வீட்டில் சொட்டினாலும் யாரும் பதற மாட்டார்கள். "தகரம் வேர்க்குது" என்பார்கள், ஒரு பாத்திரத்தை எடுத்துக் கீழே வைப்பார்கள், அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். மாசியில் உன் கட்டில் பக்கத்துச் சுவரின் உச்சியில் ஈரம் தெரிந்தபோது உங்கப்பாவும் அதையே சொன்னார், லட்சுமியக்காவும் அதையே சொன்னார். நானும் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அப்போது அது வேர்வையாகவே இருந்திருக்கலாம்.

சித்திரையில் கோடை மழை நாலைந்து தரம் நன்றாக அடித்தது. அந்த நாட்களில் ஒருநாள் நீ கட்டிலில் படுத்துக்கொண்டு சுவரில் உள்ளங்கையை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாய். எடுக்கும்போதெல்லாம் கிளுகிளுவென்று சிரித்தாய்.

"அம்மா, செவுரு கூசுது."

"உனக்குக் கூசுதா, செவுத்துக்குக் கூசுதா?" என்று உங்கப்பா கேட்டார்.

"செவுரு என்னைக் கூச வைக்குதுப்பா."

நாங்கள் சிரித்தோம். லட்சுமியக்கா வந்திருந்தார், அவரும் சிரித்தார். "இவன் அப்பனாட்டம், கல்லுகூட இவன்கிட்ட வெளையாடும்" என்றார். அடுத்த நாளும் சொன்னாய். அதற்கடுத்த மழைக்கும் சொன்னாய். அது உன் விளையாட்டுகளில் ஒன்றாகிவிட்டது. நீ சுவரைத் தொடுவாய், கூசுது என்பாய், நாங்கள் சிரிப்போம். கண்ணு, நீ எங்களிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாய், அவ்வளவு தெளிவாக.

அதை எனக்குப் பிடித்துக் கொடுத்தது அறிவு என்று சொல்ல மாட்டேன், என் பயம்தான். நான் பயந்தாங்கொள்ளி என்பது ஊருக்கே தெரியும். கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருகிறவள் நான். அன்றைக்கு மத்தியானம் மழை அடித்து ஓய்ந்து வெயில் வந்திருந்தது. உன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். மேலே மச்சில் டொக் என்று ஒரு சொட்டு. கொஞ்சம் விட்டு இன்னொன்று. தகரம் வேர்க்குது என்று என் வாயே பழக்கத்தில் சொன்னது. சொன்னதும் எனக்கு உறைத்தது. வெளியே வெயில், தகரம் சுட்டுக்கொண்டிருக்கும். ராத்திரிக் குளிரில் வேர்த்தது காலையிலேயே சொட்டித் தீர்ந்திருக்கும், சுடுகிற தகரம் மத்தியானத்தில் எப்படி வேர்க்கும்? காலேஜில் பிசிக்ஸ் படித்தவள்தான் நான், ஆனால் இது பிசிக்ஸ்கூட இல்லை. சூடான சட்டி மூடி வெளியே குளிர்ந்தால்தானே உள்ளே நீர் கோக்கும். இது வேர்வை இல்லையென்றால் வேறு எது என்று நினைத்தபோதே, உன் கட்டிலை இழுத்து அறையின் நடுவில் போட்டுவிட்டேன். ஏன் போட்டேன் என்று அந்த நிமிஷம் எனக்கே சொல்லத் தெரியாது.

மறுநாள் காலை கோலமாவு டப்பாவையும் மாவு சலிக்கும் சல்லடையையும் எடுத்துக்கொண்டு மச்சுக்கு ஏறினேன். தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே தவழத்தான் முடியும். ஒவ்வொரு போல்ட் இறங்கியிருக்கும் இடத்துக்கும் கீழே பலகையில் கோலமாவைச் சலித்துத் தூவினேன். கல்மாவுதான். அரிசி மாவு என்றால் எலிக்கு விருந்து வைத்த மாதிரி ஆகியிருக்கும். உங்கப்பா கீழே நின்று, "மச்சுக்குக் கோலம் போடற ஒரே பொம்பளை நீதான் புள்ள. செம்மண் கட்டணுமா, வாங்கிட்டு வரட்டுமா?" என்றார். நான் அடுத்த போல்ட்டுக்குத் தவழ்ந்தேன். அன்று சாயங்காலம் மழை வந்தது. மழை விட்டதும் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவரையே ஏறச் சொன்னேன். மேலே போனவர் போல்ட் போல்ட்டாக டார்ச் அடித்துப் பார்த்தார். வேர்வையாக இருந்தால் மாவு முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி பரவலாகக் குழி விழுந்திருக்க வேண்டும். இங்கே போல்ட்டுக்கு நேர் கீழே மட்டும், ஒவ்வொன்றாக, வரிசையாக, குழி. அவர் கையால் முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒன்று. சில இடத்தில் தண்ணீர் நேராகச் சொட்டாமல் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து, வயர் போகும் பைப்புக்குள் இறங்கியிருந்தது. அந்தப் பைப் உன் கட்டிலுக்கு மேலே இருந்த பெட்டிக்குத்தான் போகிறது.

இறங்கி வந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே ஈரம். டெஸ்டரைச் சுவரின் நனைந்த இடத்தில் வைத்தார். அதன் சின்ன விளக்கு எரிந்தது. சுவரில், கண்ணு. நீ உள்ளங்கையை வைத்த உயரத்தில். உங்கப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மெயினை அணைத்துவிட்டு வந்து நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ வந்து, "கூசுதாப்பா?" என்று கேட்டாய். அவர் உன்னை இறுக்கிப் பிடித்ததில் உனக்கு வலித்து அழுதாய். இன்னும் கொஞ்சம் பலமான மழை, உன் காலில் கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும். அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியாது, யோசிக்காமலும் இருக்க முடியவில்லை.

வெயில் நாளாகப் பார்த்துப் பேனல்களை இறக்கினார். போல்ட்டைச் சுற்றியிருந்த வெள்ளைப் பசையை நகத்தால் நெம்பினார். ஆறிய பாலில் ஆடை வருகிற மாதிரி முழுசாக உரிந்து வந்தது. ஈரத் தகரத்தில் அது ஒட்டவே இல்லை, சும்மா மேலே உட்கார்ந்து நடித்துக்கொண்டிருந்தது. பள்ளத்தில் இருந்த துளைகளைத் தகரத் துண்டு வைத்துப் பிசின் பட்டையால் அடைத்தார். இரும்புக் கால்களுக்கு அடியில் மேட்டின் வளைவுக்கேற்ப மரக்கட்டை செதுக்கிக் கொடுத்து, போல்ட்டுகளை மேட்டிலேயே இறக்கினார். அடியில் கெட்டியான ரப்பர் வாஷர். அதையும் பலம் இருக்கிறதே என்று முடுக்கக் கூடாது. ரப்பர் ஓரத்தில் லேசாகப் பிதுங்குகிறபோதே நிறுத்த வேண்டும். நசுங்கினால் ஒரே குளிரில் வெடித்துவிடும். இதெல்லாம் அவர் ஒவ்வொரு போல்ட்டாகப் போட்டுப் பார்த்து, தூவிய மாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. தகரத்தை எப்படி முழுக்கக் காயவைப்பது என்றுதான் திணறினார். வெயில் வந்தாலும் மடிப்புக்குள் ஈரம் நிற்கிறது. பள்ளிக்கூடம் படிக்கும்போது காயாத யூனிஃபார்மை இஸ்திரி போட்டே காயவைத்துப் போட்டுக்கொண்டு போனது எனக்கு நினைவு வந்தது. லட்சுமியக்கா வீட்டில் பழைய கரி இஸ்திரிப் பெட்டி இருந்தது. அதை வாங்கிக் கூரையில் ஏற்றினோம். தகரத்தில் தேய்த்ததும் புஸ்ஸென்று ஆவி பறந்தது. கீழே நின்ற லட்சுமியக்கா, "மடிப்புக் கலையாம போடு தம்பி!" என்று கத்தினார்.

அவர் மேலே இருந்த நேரமெல்லாம் இடுப்பில் கயிறு இருந்தது. ஃபாக்டரியில் இயந்திரம் இறக்கப் பயன்படுத்திய கயிறு. முகட்டின் மறுபக்கம் கொய்யா மரத்தில் கட்டி, கூரை தாண்டி அவர் இடுப்புக்குக் கொண்டுவந்து நான்தான் முடிச்சுப் போட்டேன். "என்னை என்ன மாடுன்னு நெனச்சியா?" என்றார். "மாடா இருந்தா கூரைக்கு ஏறாதுங்க" என்றேன்.

நம் வீடு காய்ந்துவிட்டது. அடுத்து அடித்த மழைக்கு மாவு ஒரு குழிகூட விழாமல் தூவியபடியே இருந்தது. அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். தூங்கவில்லை. நம் வீட்டில் பழகிக்கொண்டு உங்கப்பா தேவாலா பக்கம் ஒரு எஸ்டேட்டில் இதேபோல மாட்டிவிட்டு வந்திருந்தார், மாசியில். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் வேலை செய்கிற எஸ்டேட் அது. கொழுந்து பறிக்கப் போகும் அம்மாக்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற அறைக்கு மேலே மாட்டியிருந்தார். அவர்கள் அதைப் பிள்ளைக் காம்பரா என்பார்கள். திரும்பி வந்து அந்தப் பேரை உன்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தவர் அவர்தான்.

"அங்கயும் பனியிலதானே பசை வெச்சீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு ஊட்டுல ஒழுகினா எல்லா ஊட்டுலயும் ஒழுகணுமா?"

"அதே பசை. அதே பள்ளம். அங்க மழை நம்மூர் மாதிரி இல்லீங்க. ஆனி பொறந்தா சூரியனே தெரியாது."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். கோபம் இல்லை அது, எனக்குத் தெரியும். நான் சொன்னது அவருக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து கதிரேசன் அண்ணனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. "யாராச்சும் புகார் பண்ணினாங்களா தம்பி?" "இல்லீங்ணா." "அப்புறம் நீயே போயி ஒழுகுதா ஒழுகுதான்னு கேட்டா ஒழுகத்தான் செய்யும். மழை முடியட்டும். இப்பப் பிரிச்சா கூரையே மிஞ்சாது." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அடை மழையில் தகரக் கூரை ஏறுவது சும்மா விஷயமா? எனக்கு அந்த நியாயத்தைப் பிடித்துக்கொள்ள எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? உன் அப்பா என் கண் முன்னால் தரையில் இருப்பார், அது போதும் என்றிருந்தது. பிறகும் நான்தான் சொன்னேன், "அந்தப் பிள்ளைக் காம்பரா அக்காவுக்கு ஒரு போன் மட்டும் போட்டுடுங்க."

அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர் செல்லம்மா அக்கா. குரல் மழைச் சத்தத்துக்குள்ளிருந்து வந்தது. "செவரு எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. லைட்டும் எரியுது. இந்தப் புள்ளைங்கதான் என்னான்னு தெரியல, அந்தப் பெட்டி இருக்கிற செவருல ஒண்ணுகூடச் சாய மாட்டேங்குதுங்க. பேய் இருக்குங்குதுங்க. நானும் திருநீறு போட்டுப் பாத்துட்டேன்."

உங்கப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "அக்கா, மெயினை அணைச்சிருங்க. புள்ளைகளை அந்தச் செவுத்துப் பக்கம் விடாதீங்க. நான் வர்றேன்" என்றார். மெயினை அணைத்தால் தீர்ந்துவிடாது. பகல் வெளிச்சம் இருக்கிறவரை பேனலிலிருந்து இறங்குகிற கம்பியில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும், மேலே போய்க் கழற்றாமல் முடியாது. பிள்ளைகளை வைக்க அவர்களுக்கு வேறு அறை கிடையாது, வெளியே நாள் முழுக்க மழை. நேற்றுக் காலை கூடலூர் பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டேன். ஒரு கையில் கருவிப் பை, ஒரு கையில் இஸ்திரிப் பெட்டி. தோளில் கயிறு. பையில் ஒரு பாக்கெட் கோலமாவு, நான் வைத்தது. கண்டக்டர் பெட்டியைப் பார்த்து, "தேவாலாவுக்கா? மழைக்கு இஸ்திரி போடப் போறீங்களா?" என்றார். நீ டாட்டா காட்டினாய். பஸ் வளைவு திரும்பும்வரை நான் சிரித்த முகமாக இருந்தேன், உனக்காக.

இத்தோடு கடிதத்தை நிறுத்திவிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். இப்போதுதான் போன் வந்தது. அவசரத்தில் எடுக்க வராமல் அழுத்தி அழுத்தி, கடைசியில் எடுத்தேன்.

"டவர் இல்ல புள்ள. மேட்டுக்கு நடந்து வந்து பேசறேன். முடிஞ்சிருச்சு."

அவரே சொன்னார். பெட்டிக்குள் நம் வீட்டைவிட மோசமாம். முதலில் பேனலைத் துணி போட்டு மூடிக் கம்பிகளைக் கழற்றினாராம். தார்ப்பாயைக் கூடாரம் மாதிரி பிடிக்க நாலு ஆட்கள், அதற்குள் உட்கார்ந்து தகரத்தை இஸ்திரி போட்டு, ஒவ்வொரு போல்ட்டாக மேட்டுக்கு மாற்றினாராம். இறங்கியதும் காம்பரா தரையில் மாவைத் தூவிவிட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், பிள்ளைகளும்தான். வெளியே மழை கொட்டுகிறது. திடீரென்று மாவின் நடுவில் பொட்டென்று ஒரு குழி. "எனக்கு உசுரே போயிருச்சு புள்ள. மேல பாக்கறேன், காஞ்சிருக்கு. மறுபடியும் ஒரு சொட்டு. அப்பத்தான் செல்லம்மாக்கா சொல்லுது, 'தம்பி, கூரை ஒழுகல, உங்க தலைதான் ஒழுகுது, அப்பால தள்ளிக் குந்துங்க'ன்னு." பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறதாம். நானும் சிரித்தேன், அழுகையோடு. அதற்குப் பிறகு, போனை வைக்கப் போகும்போது, சும்மா ஞாபகம் வந்த மாதிரி சொன்னார்: "காலையில ஒருக்கா வழுக்குச்சு. ஓரம் வரைக்கும் போயிட்டேன். கயிறு இருந்துச்சு."

நான் சரி என்றேன்.

இன்னும் அந்தப் பக்கம் அவர் மாட்டிய கூரைகள் இருக்கின்றன. நாளைக்கு அடுத்ததுக்குப் போகிறார். நாளைக்கும் நான் இப்படித்தான் நடந்துகொண்டிருப்பேன், வாசலுக்கும் உள்ளுக்குமாக. பழகிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. பழகவும் வேண்டாம். தகரம் வேர்க்குது என்று இங்கே எல்லோருக்கும் பழகிப்போனதால்தானே உன் சுவர் அத்தனை நாள் நனைந்தது.

உன்னைத் தைரியசாலியாக வளர்க்க என்னால் முடியுமா என்று தெரியவில்லை. நீ எந்த வேலைக்கு வேண்டுமானாலும் போ. உயரத்துக்கு ஏறுகிற வேலை என்றால் கயிறு கட்டிக்கொண்டு ஏறு, எவன் மாடு என்று கேலி செய்தாலும். உன் கை செய்தது என்பதற்காக எதையும் நம்பாதே. அடியில் மாவு தூவிப் பார். இன்னொருவர் வீட்டுக் கூரையில் நீ துளை போட்டால், அந்த வீட்டுக் குழந்தை எந்தப் பக்கம் படுக்கும் என்று கேட்டுவிட்டுப் போடு.

உன் கட்டிலை இப்போது எதிர்ச் சுவர் பக்கம் போட்டிருக்கிறேன். பெட்டியும் அங்கே இல்லை, ஈரமும் இல்லை, உங்கப்பா பத்துத் தரம் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டார். ஆனாலும் தினமும் நீ எழுந்திருப்பதற்கு முன்னால் நான் போய் அந்தப் பழைய சுவரைத் தொட்டுப் பார்க்கிறேன். புறங்கையால். உள்ளங்கையை வைத்தால் கரண்ட் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் உதறிக்கொண்டு வந்துவிடும் என்று உங்கப்பா சொல்லிக் கொடுத்தார். என்றைக்காவது உன் வீட்டில் ஒரு குழந்தை வந்து சுவர் கூசுகிறது என்று சொல்லும். சுவராக இல்லாமல் வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், நம்ப முடியாத மாதிரி ஏதாவது. சிரிப்பு வந்தால் அடக்கிக்கொள். முதலில் குழந்தையைத் தூக்கி நகர்த்து. பிறகு உன் புறங்கையை அங்கே வை.

இப்படிக்கு,
உன் பயந்தாங்கொள்ளி அம்மா